தூங்கப்போன ரேடியோ ஏன் பேட்டரியைக் குடிக்கிறது? தூரத்தில் வைத்த சென்சர் அமைப்பில் மின்சிக்கனம்

கிணற்றுத்தவளை:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது முதல்முறை.

கிணறு, மேல்நிலைத் தொட்டி, கடைசி வயல் என மூன்று இடங்களில் நீர்மட்டத்தையும் மண் ஈரத்தையும் அளந்து வீட்டுக்கு அனுப்புகிறேன். வீட்டிலிருந்து கிணறு 40 மீட்டர், தொட்டி 90, வயல் 180. மூன்றிலும் ஒரே அமைப்புதான்: 3.3 வோல்டில் ஓடும் சிறு கணினிப் போர்டான அர்டுயினோ ப்ரோ மினி, எக்ஸ்பீ சீரிஸ் 2 ரேடியோ, அதைச் சொருகும் அடாப்டர் போர்டு, ஒரு சென்சர், மூன்று டபுள் ஏ அல்கலைன் பேட்டரி. வீட்டில், வலையை நடத்தும் ரேடியோவான கோஆர்டினேட்டர் கணினியோடு இணைந்திருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு வரி போதும், அது ஒழுங்காக வருகிறது.

பிரச்சினை என்னவென்றால், பேட்டரி இரண்டு நாளைத் தாண்டுவதில்லை. அர்டுயினோவைத் தூங்க வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் வாட்ச்டாக் டைமர் 8 விநாடிக்கு ஒருமுறை எழுப்பும், 112 வரை எண்ணியதும் அளந்து அனுப்பும். மற்ற நேரம் முழுக்கத் தூக்கம். தூங்குகிற கருவி இரண்டு நாளில் 2000 மில்லிஆம்பியர்-மணியை எப்படிக் காலி செய்யும்? பேட்டரி போலியாக இருக்குமோ?

ஈயப்புகை:

பேட்டரி மேல் பழி போடாதீர்கள், அது பாவம். அர்டுயினோ தூங்குகிறது, சரி. ரேடியோ தூங்குகிறதா? எக்ஸ்பீயில் என்ன ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றியிருக்கிறீர்கள்?

கிணற்றுத்தவளை:

மூன்றிலும் ரூட்டர். ஒரு காணொளியில் அப்படித்தான் போட்டார்கள். உடனே இணைந்தது, அதனால் மாற்றவில்லை.

அலைநீளம்:

அங்கேதான் விஷயம். எக்ஸ்பீக்கள் சேர்ந்து அமைக்கும் ஜிக்பீ வலையில் மூன்று வேலைகள் உண்டு: கோஆர்டினேட்டர், ரூட்டர், எண்ட் டிவைஸ். முதல் இரண்டுக்கும் தூக்கமே கிடையாது. பக்கத்து வீட்டுத் தபாலையும் வாங்கி வைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள், கதவைச் சாத்த முடியாது. சீரிஸ் 2 மாட்யூல் காதைத் திறந்து வைத்திருந்தாலே சுமார் 40 மில்லிஆம்பியர் இழுக்கும். அனுப்பும்போதும் ஏறக்குறைய அதே 40தான். பலர் அனுப்பினால்தான் செலவு என்று நினைக்கிறார்கள். இந்த ரேடியோக்களில் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே விலை.

2000-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள். 50 மணி நேரம். உங்கள் இரண்டு நாள் கணக்கு அப்படியே வந்துவிட்டது. பேட்டரி நேர்மையாகத்தான் உழைத்திருக்கிறது.

மூன்றுக்கும் எண்ட் டிவைஸ் ஃபர்ம்வேர் ஏற்றுங்கள். தூக்கத்துக்கு இரண்டு வழி. தூக்க முறையைச் சொல்லும் எஸ்எம் அளவுருவை 4 என்று வைத்தால் ரேடியோ தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே தூங்கி எழும். 1 என்று வைத்தால் தன் 9-ஆம் பின் சொல்வதைக் கேட்கும்: பின் உயர்ந்தால் தூக்கம், தாழ்ந்தால் விழிப்பு. உங்களிடம் ஏற்கெனவே அர்டுயினோ எண்ணிக்கொண்டிருப்பதால் இரண்டாவதுதான் பொருத்தம். ஒருவர் கையில் மட்டும் கடிகாரம் இருக்கட்டும். இப்படித் தூங்கும் ரேடியோ 1 மைக்ரோஆம்பியருக்கும் கீழே இறங்கும்.

அரைவோல்ட்:

நான் எஸ்எம் 4 போட்டு ஒரு வாரம் மண்டை காய்ந்த ஆள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ்பி என்பது தூங்கும் நேரம், 10 மில்லிவிநாடி அலகில். 2 விநாடிக்கு 200 என்று அடித்தேன். ரேடியோ 5 விநாடி தூங்கியது. அந்தப் பெட்டியில் எழுதுவதெல்லாம் பதினாறடிமான எண்! அங்கே 200 என்றால் நம் கணக்கில் 512. 20 விநாடி வேண்டுமானால் 2000 அலகு, அதை 7டி0 என்று எழுத வேண்டும். இருப்பதிலேயே பெரிய மதிப்பு ஏஎஃப்0, அதாவது 28 விநாடி. அதற்கு மேல் தூங்க வேண்டுமென்றால் எஸ்என் என்ற பெருக்கும் எண்ணைக் கூட்டி, எஸ்ஓ-வில் 4-ஐயும் போட வேண்டும். எஸ்என்னை மட்டும் கூட்டினால் ரேடியோ ஒவ்வொரு எஸ்பி-க்கும் எழுந்து பெற்றோரிடம் (அதன் செய்திகளை வாங்கி வைத்திருக்கும் ரூட்டர் அல்லது கோஆர்டினேட்டர்) "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுக்கும்.

கிணற்றுத்தவளை:

நன்றி நண்பர்களே. மூன்றையும் எண்ட் டிவைஸ் ஆக்கி, 9-ஆம் பின்னை அர்டுயினோவோடு இணைத்தேன். கிணறும் தொட்டியும் பேசுகின்றன. வயல் செத்துவிட்டது! நேற்று வரை நன்றாக வந்துகொண்டிருந்தது. வயரிங்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

அலைநீளம்:

வயரிங்கில் ஒன்றும் இருக்காது. வயல் 180 மீட்டர் என்றீர்கள். உங்கள் 2 மில்லிவாட் மாட்யூலுக்குத் திறந்தவெளியில், நேர்ப்பார்வையில், டேட்டாஷீட் சொல்வதே 120 மீட்டர்தான். இதுவரை வயலின் செய்தி தொட்டி வழியாகத் தாவி வந்திருக்கிறது. தொட்டிக்காரர் ரூட்டராக இருந்ததால் சுமந்தார். இப்போது அவரைத் தூங்க வைத்துவிட்டீர்கள், எண்ட் டிவைஸ் யாருடைய செய்தியையும் சுமக்காது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வயலில் இருக்கும் ரேடியோ இப்போது பெற்றோரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சேனலாகத் துழாவும், கிடைக்காது, மறுபடி துழாவும். அந்த நேரம் முழுக்க அது விழித்திருக்கிறது. வலை போன கருவிதான் வலையில் இருக்கும் கருவியைவிட அதிகம் செலவழிக்கும். நிரலில் எல்லை வையுங்கள்: இத்தனை விநாடியில் இணைப்பு கிடைக்கவில்லையென்றால் தூங்கு, அடுத்த முறை இரண்டு மடங்கு நேரம் கழித்து முயற்சி செய்.

பழையரேடியோ:

தம்பி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 180 மீட்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் எதற்கு இந்தத் தாவல், பெற்றோர், பிள்ளை சண்டையெல்லாம்? நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ மாட்யூல் மூன்று வாங்கிப் போட்டால் நேராக வீட்டுக்கே வரும். நடுவில் ரூட்டர் வேண்டாம், வலையில் சேரும் சடங்கும் வேண்டாம். எழு, கத்து, தூங்கு. அதிலிருக்கும் எஸ்எக்ஸ்1276 சில்லு தூக்கத்தில் 0.2 மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும். ஈர இலைகளுக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் திணறும், லோரா பயன்படுத்தும் கீழ் அலைவரிசைகள் அந்த அளவுக்குத் திணறாது. பயிர் வளர வளர இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அலைநீளம்:

ஐயா சொல்வது பெரும்பாலும் சரி, புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் லோராவைத்தான் சொல்வேன். ஆனால் லோரா என்றாலே சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்காட்டு நிரல்களை அப்படியே நகலெடுப்பவர்கள் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (ஒவ்வொரு குறியையும் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற எண்) 12, அனுப்பும் சக்தி 20 டிபிஎம் என்று உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். எட்டட்டும் என்ற ஆசைதான்.

20 பைட் செய்தி ஒன்றை 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், எட்டுக் குறி முன்னோட்டத்தோடு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஃபேக்டர் 7-இல் அது காற்றில் இருக்கும் நேரம் 57 மில்லிவிநாடி. 9-இல் 185. 12-இல் 1319! ஒரே செய்திக்கு 23 மடங்கு நேரம். ஒவ்வொரு படிக்கும் எட்டும் திறனில் கிடைக்கும் லாபம் சுமார் 2.5 டெசிபெல்.

சக்தியையும் சேருங்கள். 13 டிபிஎம்மில் சில்லு 29 மில்லிஆம்பியர் இழுக்கும், 20 டிபிஎம்மில் 120. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஃபேக்டர் 9, 13 டிபிஎம் அமைப்பின் சராசரிச் செலவு 6 மைக்ரோஆம்பியர். ஃபேக்டர் 12, 20 டிபிஎம் என்றால் 176. கிட்டத்தட்ட 30 மடங்கு. நடுவில் ஒன்றுமில்லாத 180 மீட்டருக்கு இரண்டாவது அமைப்பு, பக்கத்து அறைக்கு ஒலிபெருக்கி வைத்துப் பேசுவது மாதிரி.

பழையரேடியோ:

ஒப்புக்கொள்கிறேன். ஃபேக்டரைக் கூட்டுவதற்கு முன் ஆன்டெனாவை உயர்த்திப் பார்க்க வேண்டும். உயரத்துக்கு மின்சாரம் செலவாகாது. பார்வைக் கோடு மட்டும் தெளிவாக இருந்தால் போதாது, அதைச் சுற்றி ஒரு பருத்த வெளியும் காலியாக இருக்க வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்புள்ளியில் அதன் ஆரம் 868 மெகாஹெர்ட்ஸில் 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஐந்தரை மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு ரேடியோ சரியில்லை என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம், ஆன்டெனா இல்லாமல் அனுப்பிப் பார்க்காதீர்கள். திரும்பி வரும் சக்தி, அனுப்பும் சில்லின் இறுதிக் கட்டத்தைப் பதம் பார்த்துவிடும்.

கிணற்றுத்தவளை:

ஐயா, மூன்று எக்ஸ்பீயும் கையில் இருக்கின்றன, இப்போதைக்கு மாற்ற முடியாது. தொட்டியை மறுபடி ரூட்டர் ஆக்கி, அதற்கு மட்டும் சோலார் வைத்தால்? தொட்டி மேலே நாள் முழுக்க வெயில்தான்.

அலைநீளம்:

நல்ல யோசனை. விழித்திருக்க வேண்டியவனுக்குச் சாப்பாடு போடு, மற்றவர்களைத் தூங்க விடு. கணக்கு இப்படி: 40 மில்லிஆம்பியர், 24 மணி நேரம், ஆக ஒரு நாளைக்கு 960 மில்லிஆம்பியர்-மணி. நான்கு நாள் மேகமூட்டம் வந்தாலும் தாங்க 3840, ஆக 4 ஆம்பியர்-மணி பேட்டரி. நாளைக்கு 3.2 வாட்-மணி செலவு. மாற்று இழப்பு, தூசு, பேனல் கோணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 வாட் பேனல் வெயில் நாளில் சமாளிக்கும். ஆனால் மேகமூட்ட நாட்களில் தின்றதைத் திருப்பி நிரப்பவும் வேண்டுமே, அதனால் 5 வாட் வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் என்றால் 3.2 வோல்ட், எக்ஸ்பீயின் எல்லை 3.6, ரெகுலேட்டர் இல்லாமலே நேராக ஓட்டலாம். சார்ஜர் மட்டும் அந்த வகை செல்லுக்கானதாக, 3.6 வோல்டில் நிறுத்துவதாக இருக்க வேண்டும். சாதாரண லித்தியம் அயன் சார்ஜர் 4.2 வரை ஏற்றும், செல்லும் போகும் ரேடியோவும் போகும்.

முக்கியமான ஒன்று. எஸ்பி, எஸ்என் இரண்டையும் ரூட்டரிலும் கோஆர்டினேட்டரிலும் போட மறக்காதீர்கள். தூங்காதவர்களுக்கு எதற்குத் தூக்க அளவுரு என்று கேட்கத் தோன்றும். பிள்ளை எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தால் அவனைப் பட்டியலிலிருந்து நீக்குவது என்று பெற்றோர் முடிவு செய்வது அந்த எண்களை வைத்துத்தான்: எஸ்பி பெருக்கல் எஸ்என் பெருக்கல் மூன்று. முன்னிருப்பு மதிப்பில் விட்டால் சில விநாடிகளிலேயே மறந்துவிடுவார்கள். நீங்கள் 15 நிமிடம் கழித்து எழுந்தால் "யார் நீ?" என்று கேட்பார்கள், மறுபடி இணைய வேண்டியிருக்கும், அது வீண் செலவு. எஸ்பி 7டி0, எஸ்என் 32 வையுங்கள், இரண்டும் பதினாறடிமானத்தில். 20 விநாடி, 50 மடங்கு, மூன்று முறை: 50 நிமிடம் பொறுப்பார்கள்.

கிணற்றுத்தவளை:

வயல் உயிர் பெற்றது! தொட்டிக்கு சோலார் வைத்தாகிவிட்டது. கிணற்றுப் பெட்டியில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து அளந்தேன். தூக்கத்தில் 7 மில்லிஆம்பியர். முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் கணக்குப் போட்டால் 12 நாள்தான் வருகிறது.

ஈயப்புகை:

இனி என் ஏரியா. அடாப்டர் போர்டில் 1117 என்று எழுதிய மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கிறதா? இருக்கும். பரவலாகப் போடும் ஏஎம்எஸ்1117 சும்மா நின்றாலே 5 மில்லிஆம்பியர் குடிக்கும். பக்கத்தில் மின்சாரம் வந்ததைக் காட்டும் எல்இடி ஒன்று, அது ஒன்றிரண்டு. யாருமில்லாத கிணற்றடியில் அது யாருக்கு எரிகிறது? அதன் ரெசிஸ்டரைச் சூடு காட்டி எடுங்கள். ப்ரோ மினியில் இருக்கும் எல்இடியையும்தான்.

1117-க்கு இன்னொரு குணம்: உள்ளே வரும் வோல்டேஜ், வெளியே போவதைவிட ஏறத்தாழ ஒரு வோல்ட் அதிகமாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மூன்று அல்கலைன் புதிதில் 4.8, ஆளுக்கு 1.3-க்கு இறங்கும்போது 3.9. அப்போதே திணறத் தொடங்கிவிடும். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே தூக்கிப்போடுவீர்கள்.

எம்சிபி1700 போடுங்கள். தனக்கென்று எடுப்பது 1.6 மைக்ரோஆம்பியர், 250 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும், உங்கள் ரேடியோவுக்குத் தாராளம். கால் வரிசை 1117 மாதிரி இருக்காது, பார்த்து வையுங்கள். நான் பார்க்காமல் வைத்தேன். மணம் வந்தது.

கிணற்றுத்தவளை:

மாற்றிவிட்டேன். மில்லிஆம்பியர் அளவில் வைத்தால் மீட்டர் 0 காட்டுகிறது. மைக்ரோஆம்பியர் அளவுக்குத் திருப்பினால் கருவி விழிக்கும்போதெல்லாம் ரீசெட் ஆகிறது. இது என்ன கூத்து?

அலைநீளம்:

கருவியில் கோளாறு இல்லை, மீட்டர்தான் குறுக்கே நிற்கிறது. மைக்ரோஆம்பியர் அளவில் மீட்டருக்குள் 100 ஓம் அல்லது அதற்கும் மேல் ஒரு ரெசிஸ்டர் தொடராக உட்காரும். தூக்கத்தில் 10 மைக்ரோ போகும்போது அதில் விழுவது 1 மில்லிவோல்ட், ஒன்றுமில்லை. விழித்து 40 மில்லிஆம்பியர் கேட்டால் 4 வோல்ட்! ரேடியோவுக்கு என்ன மிஞ்சும்?

மீட்டருக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் வையுங்கள். விழிக்கும்போது மூடியிருக்கட்டும், தூங்கிய பிறகு திறந்து படியுங்கள். மீட்டரே வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு: 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை ரெகுலேட்டருக்குப் பின்னால் 3.3 வோல்டுக்கு நிரப்பி, கருவி தூங்கியதும் மின்வழியைப் பிரித்துவிட்டு வோல்டேஜ் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கடிகாரம் பாருங்கள். அரை வோல்ட் இறங்க 50 விநாடி ஆனால் செலவு 10 மைக்ரோஆம்பியர். கப்பாசிட்டரின் சொந்தக் கசிவை முதலில் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். வோல்ட்மீட்டரையும் இணைத்தே வைக்காமல் தொட்டுத் தொட்டு எடுங்கள், அதன் 10 மெகாஓமும் கொஞ்சம் குடிக்கும்.

கிணற்றுத்தவளை:

சுவிட்ச் முறையில் பார்த்தேன். 310 மைக்ரோஆம்பியர். ரேடியோ 1, அர்டுயினோ வாட்ச்டாக்கோடு 5, ரெகுலேட்டர் 2 என்று வைத்தாலும் மிச்சம் 300 எங்கே போகிறது? சென்சருக்கு மின்சாரத்தை மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்துத் துண்டித்துவிட்டேன்.

ஈயப்புகை:

மின்வழியைத் துண்டித்தீர்கள், தரவுக் கம்பியை? அர்டுயினோவின் அந்தப் பின் உயர்ந்து நின்றால் மின்சாரம் அதன் வழியாகப் புகுந்து, சென்சர் சில்லின் பாதுகாப்பு டையோடு வழியாக உள்ளே போய்விடும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. தூங்கப் போகும் முன் சென்சரைத் தொடும் பின்களையெல்லாம் தாழ்வாக்குங்கள், பின்னை உயர்த்திப் பிடிக்கும் உள் ரெசிஸ்டரான புல்-அப்பையும் அணையுங்கள்.

பேட்டரி அளவு பார்க்க இரண்டு ரெசிஸ்டர் வைத்திருக்கிறீர்களா? எத்தனை ஓம்?

கிணற்றுத்தவளை:

10 கிலோஓம் இரண்டு.

ஈயப்புகை:

கிடைத்துவிட்டான் திருடன். 4.5 வோல்ட், 20 கிலோஓம்: 225 மைக்ரோஆம்பியர் அங்கேயே இரவும் பகலும் ஓடுகிறது. 1 மெகாஓம் இரண்டு போடுங்கள், 2 மைக்ரோவாக இறங்கும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டரில் அர்டுயினோவின் அளவு தடுமாறும், நடுப்புள்ளிக்கும் தரைக்கும் இடையே 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று வைத்தால் சரியாகிவிடும்.

கிணற்றுத்தவளை:

13 மைக்ரோஆம்பியர்!! மீட்டரை நம்பாமல் கப்பாசிட்டர் முறையிலும் பார்த்தேன், அதேதான்.

அரைவோல்ட்:

வாழ்த்துகள்! அப்படியானால் 17 வருடம் ஓடுமா?

அலைநீளம்:

பேட்டரியே அவ்வளவு காலம் தாங்காது, தானாகக் கசிந்துவிடும். விழித்திருக்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும். தவளையாரே, எழுந்ததிலிருந்து தூங்கும் வரை எவ்வளவு நேரம்?

கிணற்றுத்தவளை:

ரேடியோ எழ ஒரு விநாடி, அனுப்பிய பிறகு அரை விநாடி. பாதுகாப்புக்காக டிலே போட்டிருக்கிறேன்.

அலைநீளம்:

ஒன்றரை விநாடி, சுமார் 45 மில்லிஆம்பியர், 900 விநாடிக்கு ஒருமுறை: சராசரி 75 மைக்ரோ. நீங்கள் பாடுபட்டு இறக்கிய 13-ஐப்போல் ஆறு மடங்கு அந்த இரண்டு டிலே வரிகளில் போகிறது. குருட்டாம்போக்கில் காத்திருக்காதீர்கள். எக்ஸ்பீயின் 13-ஆம் பின் உயர்ந்தால் ரேடியோ விழித்துவிட்டது என்று பொருள், உடனே அனுப்பலாம். செய்தியைச் சட்டகமாகக் கட்டி அனுப்பும் ஏபிஐ முறையில் அனுப்பினால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று 8பி வகைச் சட்டகம் திரும்பி வரும், வந்த கணமே தூங்க வையுங்கள். மொத்தம் 0.3 விநாடிக்குள் முடித்தால் 75 என்பது 15 ஆகும். சென்சரை அளந்த பிறகு ரேடியோவை எழுப்புங்கள், எழுப்பிவிட்டு அளக்காதீர்கள்.

பழையரேடியோ:

தொட்டி நிரம்பி அப்படியே நின்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை "நிரம்பியிருக்கிறது" என்று சொல்லத்தான் வேண்டுமா? மாறினால் சொல், மாறாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சொல். பெற்றோர் பொறுக்கும் நேரத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். மண் ஈரம் அளக்கும் இரண்டு கம்பிக்கும் அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடுங்கள். எப்போதும் கொடுத்தால் பேட்டரி போவதற்கு முன் கம்பி அரித்துப் போய்விடும்.

கிணற்றுத்தவளை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டிலே வரிகள் போய்விட்டன. பேட்டரி வோல்டேஜ் கோடு கிட்டத்தட்டப் படுக்கையாகவே இருக்கிறது. ஒரே ஒரு விசித்திரம். கிணற்றுப் பெட்டியில் விடியற்காலையில் அளந்தால் தூக்கச் செலவு 60 மைக்ரோ, மதியம் அளந்தால் 13. நிரல் ஒன்றுதான், பேட்டரி ஒன்றுதான்.

ஈயப்புகை:

ரெகுலேட்டர் மாற்றியபோது ஒட்டிய ஃப்ளக்ஸை (பற்றவைப்புப் பசை) துடைத்தீர்களா? கிணற்றடிப் பெட்டிக்குள் இரவில் ஈரம் வியர்க்கும். ஃப்ளக்ஸ் அந்த ஈரத்தைக் குடித்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். உங்கள் மெகாஓம் ரெசிஸ்டர் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு போர்டுக்குப் பூச்சு. ரேடியோ சொருகும் இடத்திலும் ஆன்டெனா முனையிலும் பூச்சு படக் கூடாது. பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்று போடுங்கள், கம்பிகளும் அடிவழியாகவே நுழையட்டும்.

கிணற்றுத்தவளை:

கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். நாளை விடியலில் மீட்டரோடு போய்ப் பார்க்கிறேன்.

கிணற்றுத்தவளை:

காலை ஐந்தரை மணி. மூடியில் பனித்துளி நிற்கிறது. 14 மைக்ரோ.